அரசர்களுக்கு முதுகு கொடுத்தவர்

சலூன்காரரின் முதுகை அந்தத் தெருவில் யாரும் சரியாகப் பார்த்தது கிடையாது. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அது உண்மை, காரணமும் சாதாரணமானதுதான். முடிவெட்டிக்கொள்ள வருகிறவர் சுழல் நாற்காலியில் உட்காருவார். சலூன்காரர் அவருக்குப் பின்னால் நிற்பார். வந்தவர் பார்ப்பது எதிர்க் கண்ணாடியில் தெரியும் சலூன்காரரின் முகத்தை. காத்திருப்பவர்களுக்கான பெஞ்சு பக்கச்சுவரை ஒட்டிக் கிடந்தது. அதில் இருந்தவர்கள் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். பின்சுவரிலும் ஒரு கண்ணாடி உண்டு. வேலை முடிந்ததும் பிடரி எப்படி வந்திருக்கிறது என்று காட்டுவதற்காக மாட்டியது. ஆனால் அதில் எல்லாரும் தேடியது தங்கள் சொந்தப் பிடரியைத்தான். பக்கத்தில் நிற்கிறவரின் முதுகைப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

ஆகவே, வாரா வாரம் வீட்டுக்கு வீடு வியந்து பார்த்த ஒரு முதுகு தங்கள் தெருவிலேயே கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருக்கிறது என்பது தெருக்காரர்களுக்குத் தெரியாமலே போயிற்று.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு ரிமோட். அது ஒருநாள் சவரத் தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தது. வெளியே எடுத்துத் துடைத்து, வெயிலில் காயவைத்து, கடைசியில் முடி உலர்த்தும் கருவியாலும் ஊதிப் பார்த்தார். உயிர் வந்தது, ஆனால் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஒரே அலைவரிசைதான். வரலாற்றுப் படங்களும் அருங்காட்சியகச் சொற்பொழிவுகளும் மட்டுமே வரும் அலைவரிசை அது. பெட்டியின் பக்கவாட்டுப் பொத்தான்களோ அதற்கு வெகுகாலம் முன்பே உள்ளே போய், போனவை போனவையாகவே இருந்தன.

“ஒரு பாட்டு வைங்களேன்” என்று வாடிக்கையாளர்கள் கெஞ்சினார்கள்.

“இதுதான் வருது. முற்றுகை நடந்துட்டிருக்கு. தலையைக் குனிங்க.”

முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு மெல்ல மெல்ல அந்த நோய் தெருவுக்கே ஒட்டிக்கொண்டது. காய்கறிக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தலையை மட்டும் உள்ளே நீட்டி, “அந்தக் கோட்டை விழுந்துடுச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு கன்னம் மழித்து, மறு கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்தபடி, “இருங்க, ராணி தப்பிச்சுட்டாங்கன்னு தெரிஞ்சதும் மீதியைப் போடுங்க” என்று சொன்னவர்களும் உண்டு. சலூன்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி அவர்களோடு சேர்ந்து காத்திருப்பார். அவருக்கும் ராணி தப்பிக்க வேண்டியிருந்தது.

அந்த அலைவரிசையில் வாரா வாரம் வந்த வரலாற்றுத் தொடர் ஒன்றை எடுத்த இயக்குநர் ஒருநாள் அதே கடைக்கு முடிவெட்ட வந்தார். எப்போதும் தொப்பியோடு திரிபவர். தொப்பியைக் கழற்றியபோது வெட்டுவதற்கென்று அங்கே அதிகம் இல்லை. இருந்ததைச் சலூன்காரர் மரியாதையாக வெட்டி முடித்தார். கழுத்தோரம் கத்தி வைக்கும் முன், வழக்கம்போல் இடுப்பில் ஒரு கையை ஊன்றி நிமிர்ந்தார். நாளெல்லாம் குனிந்தே நிற்பவர் எலும்பை நேராக்கிக்கொள்ளும் நிமிர்வு அது. எதிர்க் கண்ணாடி வழியாகப் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநருக்கு மூச்சு நின்றுவிட்டது.

“அண்ணே, அசையாதீங்க!”

சலூன்காரர் கையில் சவரக்கத்தி. “அதை நான்தான் சொல்லணும் தம்பி.”

“இல்லண்ணே, இந்த முதுகு… இந்த முதுகு எங்கே கிடைச்சுது உங்களுக்கு?”

“கூடப் பிறந்தது தம்பி. ஏன், முடி ஒட்டியிருக்கா?”

இயக்குநரின் கஷ்டம் இதுதான். தொடருக்கு ஆலோசகராக ஒரு பேராசிரியர் இருந்தார். பெரிய படிப்பாளி, அதைவிடப் பெரிய பிடிவாதக்காரர். படமோ சிலையோ நாணயமோ கிடைக்காத எந்த அரசருக்கும் முகம் காட்டக்கூடாது என்பது அவர் போட்ட விதி. “தெரியாத முகத்தைத் தெரிஞ்ச மாதிரி காட்டினா அது பொய்” என்பார். “அப்போ முதுகு?” என்று இயக்குநர் கேட்டதற்கு, பேராசிரியர் ஒரு வாரம் யோசித்துவிட்டு, “முதுகு இருந்திருக்கும். அதுல சந்தேகத்துக்கு இடமில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதனால் தொடரில் வந்த அரசர்கள் அத்தனை பேரும் ஜன்னலைப் பார்த்தோ கடலைப் பார்த்தோ நின்றார்கள். முதலில் ஓர் உடற்பயிற்சி ஆசிரியரின் முதுகை வைத்துப் பார்த்தார்கள். “பஞ்ச காலத்து அரசருக்கு இவ்வளவு தோளா? இவர் மட்டும் என்ன சாப்பிட்டார்?” என்று பேராசிரியர் நிராகரித்துவிட்டார். இப்படியாக நாடு முதுகில்லாமல் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இயக்குநர் அந்தப் பின்கண்ணாடியைப் பார்த்தார்.

கடைக்கு வார விடுமுறை திங்கட்கிழமை. அடுத்த திங்கட்கிழமையே சலூன்காரர் அரசரானார்.

முதல் நாள் “நிமிருங்க” என்று இயக்குநர் சொன்னதும் அவர் முழுசாக நிமிர்ந்தார். முதுகெலும்பு சடசடவென்று பேசிய சத்தம் ஒலிப்பதிவில் விழுந்துவிட்டது. “பட்டாசா?” என்று ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு கேட்டார். அந்தக் காட்சியை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

உடைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காமிரா பின்பக்கத்தை மட்டுமே பார்க்கும் என்பதால், முன்பக்கத்துக்குச் செலவு செய்வது வீண் என்று முடிவாகியிருந்தது. கிரீடம் பின்பாதி மட்டும். அட்டையில் தங்கத்தாள் ஒட்டியது. முன்பாதிக்குப் பதிலாக நெற்றியின் குறுக்கே ஓர் எலாஸ்டிக் ஓடிற்று. அது வந்த இடம் ஓர் உள்ளாடை என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அங்கி, பழைய நாடகத் திரை. இரு தோளிலும் துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டது. முன்னால் அவருடைய பனியனும் அரைக்கால் சட்டையும் அப்படியே இருக்கும். கால்சட்டைப் பையில் சீப்பு. பின்னாலிருந்து பார்த்தால் ஏழு தலைமுறை ஆண்ட வம்சம். முன்னாலிருந்து பார்த்தால் குளிக்கப் போன இடத்தில் தண்ணீர் நின்றுபோன ஆள்.

ஒப்பனை செய்த பெண் ஒருமுறை முன்பக்கத்தை விளையாட்டாகப் படம் பிடித்துவிட்டார். சலூன்காரர் அவரைக் கெஞ்சிக் கூத்தாடி அதை அழிக்கவைத்தார். பிற்பாடு அவருக்கு வேண்டியிருந்த ஒரே ஆதாரம் அதுதான் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

வரலாறு அவருக்கு இப்படித்தான் பழக்கமானது. மற்றவர்கள் அரசர்களைப் பெயராலும் போராலும் நினைவில் வைப்பார்கள். அவர், அந்தந்த அரசர் எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதை வைத்து. கப்பல்களை இழந்தவர் கடலைப் பார்த்தார். அந்தக் கடல் ஒரு பெயின்ட் கிடங்கின் நீலச் சுவர். தலைநகரம் எரிவதைப் பார்த்தவர் உண்மையில் பார்த்தது புகைந்துகொண்டிருந்த குப்பைமேடு. எதிரிப் படை அணிவகுத்து நின்ற சமவெளியில் இயக்குநரின் டிரைவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவரைப் பார்த்துத்தான் ஓர் அரசர் சரணடைய முடிவுசெய்தார். ஒரு படத்தில் அரசர் சாளரத்தருகே நிற்க, துரோகி மந்திரி பின்னாலிருந்து குறுவாளோடு நெருங்குவான். இரண்டும் அவரே. தன்னைத்தானே பின்னாலிருந்து குத்திக்கொண்டு, மறு திங்களன்று போய்ச் செத்தும் வந்தார்.

அந்தப் படம் ஒளிபரப்பான மறுநாள் கடையில் ஒருவர், “அந்த மந்திரி இருக்கானே, நடையைப் பார்த்தாலே தெரியுது, சரியான திருட்டுப் பய. ராஜா பாவம், தங்கமான மனுஷன்” என்றார்.

சலூன்காரரால் அடக்க முடியவில்லை. “ரெண்டும் நான்தான்.”

“சரி சரி. காதோரம் கொஞ்சம் ஏத்தி வெட்டுங்க.”

கடையில் நம்பாவிட்டால் அவருக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது. வீட்டில் நம்பாததுதான் தொல்லை.

மனைவிக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் எங்கே போனார் என்பதையெல்லாம் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து ஒலிபெருக்கியில் சொல்லுவார். ஒலிபெருக்கி பழுதான நாட்களில்கூட நிலையத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது என்று சொல்லிக்கொள்வார்கள். அதில் மிகை இல்லை. ஊரில் எல்லாருக்கும் அவருடைய குரல் தெரியும், முகம் தெரியாது.

“என் குரலை ஊரே கேக்குது. நான் என்னைக்காவது பெருமை அடிச்சிருக்கேனா?” என்பார் கணவரிடம். “நீங்க என்னடான்னா யாரோ ஒருத்தன் முதுகை டிவியில காட்டி என்னுதுங்கறீங்க.”

“என்னுதுதான்மா.”

“கல்யாணம் ஆனதிலேர்ந்து நான் அதிகம் பார்த்ததே உங்க முதுகைத்தானே? நான் வாயைத் திறந்தா நீங்க காட்டறது அதைத்தான். அதை எனக்குத் தெரியாதா? அது கேள்விக்குறி மாதிரி வளைஞ்சிருக்கும். இந்த ராஜா எப்படி நிக்கறார் பாருங்க, கொடிக்கம்பம் மாதிரி.”

இதில் மனைவி சொன்னது பொய்யில்லை. வீட்டில் அவர் முதுகு அப்படித்தான் இருந்தது. வாசற்படி தாண்டினதும் தானாக வளைந்துகொள்ளும்.

கீழ் வீட்டில் மனைவியின் தம்பி குடியிருந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பகலெல்லாம் கற்றுக்குட்டிகளிடம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், மாலையில் யாரையாவது சீண்டினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

“மாமா, ஒரு சந்தேகம். ராஜான்னா முதுகு காட்டமாட்டாங்கன்னுதானே சொல்லுவாங்க? உங்க ராஜாங்க எல்லாரும் அதைத் தவிர வேற எதையும் காட்டறதில்லையே?”

“அது பேராசிரியர் வெச்ச விதிடா.”

“நல்ல விதி. நாளைக்கு நான்கூடச் சொல்லலாம், நிலாவுல இறங்கினது நான்தான்னு. ஹெல்மெட் போட்டிருந்தேன், அதான் முகம் தெரியலை.”

இயக்குநர் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து மனைவியிடமே விளக்கிச் சொல்லிப் பார்த்தார். “குரல் யாருக்கு வேணும்னாலும் இருக்கும். நான் தினமும் பேசறேன், எனக்குத் தெரியாதா?” என்று சொல்லி மனைவி வைத்துவிட்டார்.

மனைவியின் கணக்கு வேறு. திங்கட்கிழமை என்றால் தொட்டி கழுவ வேண்டும், ஒட்டடை அடிக்க வேண்டும், பரண் ஏற வேண்டும். அரசராகத் தொடங்கிய நாள் முதல் அந்த வேலை ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே, இவர் எங்கோ நண்பர் வீட்டில் காலை நீட்டிப் படுத்துவிட்டு வருகிறார், அதற்கு வரலாற்றைத் துணைக்கு இழுக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டார். கடைசியில் ஒருநாள் சட்டி பானை சாட்சியாகச் சொன்னார்:

“வர்ற ஞாயித்துக்கிழமை அருங்காட்சியகத்துல ஏதோ நிகழ்ச்சி, எல்லாரும் வரலாம்னு சொன்னீங்களே. நான் வந்து நேர்ல பார்க்கறேன். அது நீங்கதான்னு என் கண்ணுக்குத் தெரிஞ்சா, சாகும்வரைக்கும் ராஜாவா இருங்க, நான் குறுக்கே நிக்கமாட்டேன். இல்லைன்னா மறுநாள் திங்கட்கிழமை, தொட்டிக்குள்ள இறங்குங்க. அதோட உங்க ராஜ்யம் முடிஞ்சுது.”

சலூன்காரர் சம்மதித்தார். அன்று கடையில் அவருக்குக் கை ஓடவில்லை. வாரம் முழுக்க மற்றவர்கள் தலைக்குப் பின்னால் நிற்கிறவர் அவர். அழகானதும் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். திங்கட்கிழமை மட்டும்தான் அவர் முன்னால் நின்றார். விளக்கு பிடிப்பவர், காமிராக்காரர், இயக்குநர் எல்லாரும் பின்னால் நின்று, மூச்சுவிடாமல் அவரையே பார்த்தார்கள். அந்த ஒருநாள் போய்விடுமோ என்று நினைத்தபோதே முதுகு கூசியது.

ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகத்தில் “வரலாற்றுப் படம் எப்படி உருவாகிறது” என்று பொதுமக்களுக்கு மேடையிலேயே செய்து காட்டுவதாக ஏற்பாடு. ஒரு காட்சியை அங்கேயே படம் பிடிப்பார்கள். முடிந்ததும் சலூன்காரர் திரைக்குப் பின்னால் போய் உடை மாற்றி, புதுச் சட்டையில் வந்து எல்லாருக்கும் வணக்கம் சொல்லலாம் என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். முகம்! அதுவும் மனைவிக்கு முன்னால்! சலூன்காரர் புதுச் சட்டையை முந்தின நாளே இஸ்திரி போட்டு மடித்தார்.

மனைவிக்கு அன்று காலை வேலை இருந்தது. நிலையத்திலிருந்து நேரே வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது, “தொட்டியில தண்ணி இல்லை. மோட்டாரைப் போட்டுட்டு, நிரம்பினதும் நிறுத்திட்டுக் கிளம்புங்க” என்றார். அன்று கடையைத் திறக்காத சலூன்காரர் மோட்டாரைப் போட்டார். பிறகு கண்ணாடி முன் நின்று வணக்கம் சொல்லிப் பழகினார். ஒரு கையால் ஒன்று, இரு கையால் ஒன்று, லேசாகத் தலை சாய்த்து ஒன்று. மூன்றாவது நன்றாக வந்தது. அந்தச் சந்தோஷத்தோடேயே கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் ஒரு சாளரச் சட்டம். அதற்குள் ஒன்றுமில்லை, ஒரு வெள்ளைத் துணி. அதைப் பார்த்தபடி, பார்வையாளர்களுக்கு முதுகு காட்டி, அரைக் கிரீடமும் திரைச்சீலை அங்கியுமாக சலூன்காரர் நின்றார். பின்பக்கம் ஆயிரம் யானை கட்டிய கம்பீரம். மேடை ஓரத்தில் நாற்காலி போட்டுப் பேராசிரியர் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் ஒலிபெருக்கியில் சொன்னார்: “கோட்டை வாசல்ல எதிரி. உள்ளே அரசர். அவர் கலங்கலை, அசையலை. இந்தக் காட்சியைத்தான் இப்போ எடுக்கப்போறோம். முடிஞ்சதும் இந்த முதுகுக்குச் சொந்தக்காரர் உங்க முன்னால வந்து…”

“வரக்கூடாது” என்றார் பேராசிரியர்.

மண்டபம் திரும்பிப் பார்த்தது.

“இந்த அரசருக்குப் படம் இல்லை, சிலை இல்லை, நாணயமும் இல்லை. நீங்க ஒரு முகத்தைக் காட்டினீங்கன்னா, இங்க இருக்கிற அத்தனை பேரும் வீட்டுக்குப் போய் ராஜாவை அந்த முகத்தோடதான் நினைச்சுக்குவாங்க. என் கையெழுத்து இருக்கிற இடத்துல அது நடக்காது.”

“ஐயா, அவர் புதுச் சட்டை கொண்டு வந்திருக்கார்…”

“அந்தக் காலத்துல அந்த மாதிரி காலர் கிடையாது.”

மேடையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சலூன்காரர் நின்றார். திரும்ப முடியாது, காமிரா அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. இயக்குநர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “சரிங்க ஐயா” என்று சொன்ன குரல் காதில் விழுந்தது. வணக்கம் போயிற்று. மூன்றாவது வகை வணக்கம், அவ்வளவு நன்றாக வந்தது!

பிறகு அதைவிட மோசமான குரல் ஒன்று காதில் விழுந்தது. நடுவரிசையிலிருந்து மச்சினன்.

“பார்த்தியாக்கா? முகத்தைக் காட்டமாட்டாங்களாம். நான் சொல்லலை? இதுக்காகக் காரை வீட்டுல விட்டுட்டு பஸ்ல தொங்கிட்டு வந்தேன். சீட்டெல்லாம் ஷாம்பூ போட்டுக் கழுவி, கண்ணாடியை இறக்கி, மாடிக்குழாய் கீழ வெயில்ல காயவெச்சிருக்கேன். போனதும் ஒரு ரவுண்டு போகலாம், வா.”

மனைவி எழுந்து நின்று அந்த முதுகை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நேராக, நெடுக, ஆடாமல் நின்றது. “இவர் இல்லைடா. இவர் யாரோ வேலைவெட்டி இல்லாத பெரிய மனுஷன். நம்ம ஆளு இங்கதான் எங்கேயோ கூட்டத்துல ஒளிஞ்சிட்டிருக்கார்” என்றார். கைப்பையைத் தோளில் மாட்டினார். உள்ளே வீட்டுச் சாவி கலகலத்தது. அந்தச் சத்தம் கேட்டதும் காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது. காணாமல் போன டிரைவரை எப்படி அழைப்பாரோ, அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு மண்டபம் அதிர அறிவித்தார்:

“கவனிக்கவும்! முடிதிருத்தும் கடைக்காரர் எங்கிருந்தாலும் உடனடியாகக் கவனிக்கவும்! வீட்டு மோட்டாரை நிறுத்திவிட்டீர்களா?”

மேடையில் என்ன நடந்தது என்பதைப் பின்னால் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். நடந்தது இதுதான். முதலில் அரசரின் கழுத்து இரண்டு தோள்களுக்கும் நடுவே இறங்கியது. பிறகு தோள்கள் இறங்கின. அதைத் தொடர்ந்து நடுமுதுகு மெல்ல, மிக மெல்ல, ஒவ்வொரு எலும்பாக மடிந்து வளைந்தது. கொடிக்கம்பம் கேள்விக்குறியாயிற்று. இடது கை தானாகப் பின்னால் வந்து இடுப்பைச் சொறிந்தது.

“ஐயய்யோ!” என்று மனைவி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். “இவர்தான்! சத்தியமா இவர்தான்! இது எங்க வீட்டு முதுகு!”

அடுத்த கணம் அரசர் திரும்பினார்.

எலாஸ்டிக், பனியன், அரைக்கால் சட்டை, சீப்பு. மண்டபம் ஒரு நொடி திகைத்து, பிறகு கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி சிரித்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. “முகத்தை மறைங்க! முகத்தை மறைங்க!” என்று நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். சலூன்காரர் மேடையிலிருந்து குதித்து, “வரும்போது நிறுத்தலைம்மா!” என்று கத்திக்கொண்டு நடைபாதையில் ஓடினார். அவருக்கு முன்னால், பின்பக்கமாகவே ஓடியபடி, கோப்பை விரித்து அரசரின் முகத்தை மறைத்துக்கொண்டு பேராசிரியர் ஓடினார். அருங்காட்சியக வாசல்வரை அந்த முகம் வெளியே தெரியாமல் காத்தவர் அவர். அந்த வயதில் அது சாதாரண விஷயமில்லை.

பேருந்தில் அரைக் கிரீடத்தோடு ஒருவர் ஏறியதைப் பார்த்து நடத்துநர் ஏதோ கேட்க வாயெடுத்தார். பக்கத்தில் நின்ற பெண், “வண்டியை எடுக்கச் சொல்லுங்க” என்றார். தினமும் நிலையத்தில் கேட்கிற குரல். நடத்துநர் மறுபேச்சில்லாமல் விசில் ஊதினார்.

“அங்க நின்னது நீங்கதான்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார் மனைவி.

“சொன்னேனே!”

“சொன்னீங்க. நம்பற மாதிரி சொல்லலை.” அங்கியின் கிளிப் ஒன்று கழன்றிருந்ததைப் பிடித்து மாட்டிவிட்டார். “அவ்வளவு நேரா நிக்கத் தெரியும்னா வீட்டுல என்ன கேடு?”

வீட்டில் தொட்டி நிரம்பி, மாடிக்குழாய் வழியாகத் தண்ணீர் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டிய இடம் மச்சினனின் கார். அதே பேருந்தில் வந்திறங்கிய அவன் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஓட்டுநர் பயிற்சிப் புத்தகம் ஒன்று மிதந்து வந்து அவன் காலடியில் கரையேறியது. மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. சலூன்காரர் தோளில் அங்கியோடு பக்கத்தில் வந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்ணீரை ஆழ்ந்து பார்த்தார். பழக்க தோஷம், கடல் கண்ட அரசரின் நிலை அப்படியே வந்துவிட்டது.

“மாமா, வாளியை எடுங்க மாமா!”

அந்தப் பகுதி ஒளிபரப்பான மாலை, நடந்ததெல்லாம் தெரிந்த மூன்று பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். மேடையில் எடுத்த காட்சியை இயக்குநர் வீணாக்கவில்லை. அரசர் நிமிர்ந்து நிற்கிறார். தூரத்தில் முரசு. பின்னணிக் குரல் தழுதழுத்தது: “அப்போதுதான் கோட்டை வீழ்ந்த செய்தி அரசரை எட்டியது.” கழுத்து இறங்கியது, தோள் இறங்கியது, எலும்பு எலும்பாக முதுகு மடிந்தது. இடுப்பைச் சொறிந்த கை வருவதற்குள் வெட்டிவிட்டார்கள். பேராசிரியரும் ஆட்சேபிக்கவில்லை, தோற்ற முதுகு வளைந்திருக்கும், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை என்று கையெழுத்திட்டிருந்தார். மறுநாள் கடைக்கு வந்தவர்கள், நுரை போடும் முன்பே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “அழவெச்சுட்டான்யா அந்த ராஜா” என்றார் காய்கறிக்காரர்.

ஆனால் அந்த மாலை வீட்டில் மனைவி அழவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

“என் குரல் எங்கே?”

“என்னம்மா?”

“செய்தியைச் சொன்னது நான்! முரசு எங்கேயிருந்து வந்துச்சு? நான் கூப்பிட்டதாலதானே அந்த முதுகு வளைஞ்சுது? அதை எடுத்துட்டு முரசை வெச்சிருக்காங்க!”

மறுநாள் பேருந்து நிலையத்தில் எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தார். “ராஜாவுக்குச் செய்தி சொன்னது நான்தான்.” கூட வேலை செய்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, “அப்படியா அக்கா, சந்தோஷம். அந்தக் கடைசி நடைமேடை வண்டியைக் கொஞ்சம் அறிவிச்சுடுங்க” என்றார்கள். மாலையில் வீட்டுக்கு வந்தால் தம்பி, இன்னும் ஈரம் காயாத கார் சீட்டைத் தட்டிக்கொண்டே கேட்டான்: “சரிக்கா, நம்பறேன். ஆதாரம் இருக்கா?”

சலூன்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு மனைவியை உட்காரச் சொன்னார். “நான் நம்பறேன்மா.”

“நீங்க நம்பி என்ன ஆகப்போகுது? நீங்க எனக்குச் சொந்தக்காரர்.”

திங்கட்கிழமை காலை படப்பிடிப்புக்கு இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். இயக்குநரைப் பார்த்து நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று மனைவி முன்னால் நடந்தார். சலூன்காரர் பின்னால், வாசற்படி தாண்டியும் வளையாத முதுகோடு நடந்தார். மச்சினன் காரின் கண்ணாடிகளையெல்லாம் இறுக்கி ஏற்றிவிட்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று தொட்டி மறுபடியும் வழிந்தது. மோட்டாரை நிறுத்தியிருக்க வேண்டியவர் யார் என்பது குறித்து அந்த வீட்டில் இரண்டு கருத்துகள் உண்டு. இரண்டுக்கும் போதிய ஆதாரம் இல்லை.